குழாய்க்கும் குண்டுக்கும் இடையில்

ஒரு பக்கம் அடைத்த குழாய். அடியில் கொஞ்சம் மருந்து, மருந்தின் மேல் ஒரு குண்டு. திரியில் நெருப்பு பட்டதும் மருந்து சூடான வாயுவாக மாறுகிறது. இருக்கிற இடம் போதாமல் அது வெளியேற வழி தேடுகிறது. குண்டைத் தள்ளிக்கொண்டு வாய் வழியே போவது ஒரு வழி. குண்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே சந்து இருந்தால் அதில் நழுவிப் போவது இரண்டாவது. இந்த இரண்டும் அடைபட்டால் குழாயைப் பிளந்துகொண்டு போவது மூன்றாவது. பழைய பீரங்கி, போலீஸ் துப்பாக்கி, கல்யாண வீட்டு வாசலில் மேலே சீறும் ஃபேன்சி ஷெல் எல்லாவற்றுக்கும் இவை மூன்றும்தான் வழி. எந்த வழி எவ்வளவு திறந்திருக்கும் என்பதைக் குண்டின் விட்டமும் குழாயின் உள்விட்டமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

விருதுநகர் மாவட்டத்தில் மருந்து, திரி, கருந்திரி, மணிமருந்து என்ற சொற்கள் தெரியாத வீடு குறைவு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கியது முதல், நூறு ஆண்டாக இந்த வறண்ட பூமி நெருப்போடு பிழைக்கிறது. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் வட்டாரத்தில் விபத்து என்றால் உராய்வு, வெயில், ஓர் அறையில் அளவுக்கு மீறிய ஆள், அளவுக்கு மீறிய மருந்து என்று காரணம் சொல்வார்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் உயிர்களை வாரிக்கொண்டு போன வெடிப்புகள் ஆலைக்குள் நடந்தவை. விட்டப் பொருத்தம் தவறினால் வரும் விபத்து வேறு மாதிரி. அது ஆலையைத் தாண்டி, லாரி ஏறி, கடைக்குப் போய், யாரோ ஒருவர் தெருவில் குழாயை நட்டு ஷெல்லை உள்ளே இறக்கும்போதுதான் வரும். செய்தவருக்கும் கொளுத்துகிறவருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டர் இருக்கலாம். அதனால்தான் இதை விளக்கிச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன். பட்டாசைப் பற்றிய பொதுப்பேச்சு சத்தத்தையும் புகையையுமே சுற்றுகிறது. நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்ற வரம்பு பலருக்குத் தெரியும். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடுத்தது இன்னும் அதிகம் பேருக்குத் தெரியும். குழாய்க்குள் ஷெல் எவ்வளவு தளர்வாக உட்கார வேண்டும் என்ற கேள்வி மட்டும் யார் வாயிலும் வருவதில்லை.

ஷெல்லின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். வெளியே பார்த்தால் காகிதம் சுற்றிய ஓர் உருண்டை அல்லது உருளை. உள்ளே மணிமருந்து, அதாவது வானத்தில் பூவாகச் சிதறி நிறம் காட்டும் சிறு மணிகள். நடுவில் அந்தக் காகித ஓட்டை உடைக்கிற மருந்து. அடியில் தனிப் பொட்டலமாக, ஷெல்லை மேலே தூக்கிவிடும் கரிமருந்து. தூக்கும் மருந்து பற்றிய அதே நொடியில் ஷெல்லுக்குள் போகும் நேரத்திரியும் பற்றிக்கொள்ளும். ஷெல் மேலே போகப் போகத் திரி உள்ளே எரிந்துகொண்டே போகும். உச்சியை அடைகிற சமயம் திரி முடிந்து ஷெல் உடைய வேண்டும். மூன்று அங்குல ஷெல் என்றால் மூன்று விநாடி அளவில் இந்தக் கணக்கு முடிந்துவிடும். உயரம் சுமார் 90 மீட்டர், அங்குலத்துக்கு நூறடி என்பது தொழிலில் கைக்கணக்கு.

நேரத்திரிக்கு உயரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது நேரம் ஒன்றுதான். ஷெல் 90 மீட்டர் போயிருந்தாலும் சரி, 15 மீட்டர் எழும்பித் தரையை நோக்கித் திரும்பியிருந்தாலும் சரி, திரி முடிந்ததும் அது வெடிக்கும். ஆகவே தூக்கும் விசை கொஞ்சம் குறைந்தாலும் வானவேடிக்கை ஜனங்கள் தலைக்கு மேலே, அல்லது ஜனங்களுக்கு நடுவிலேயே நடந்துவிடும். தூக்கும் விசை குறைவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று சந்து.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். மூன்று அங்குலக் குழாயின் உள்விட்டம் 76 மில்லிமீட்டர். அதில் போகிற ஷெல்லின் விட்டம் ஏறக்குறைய 70 இருக்கும். ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் சின்னதாகத் தோன்றினாலும், பரப்பளவாகப் பார்த்தால் குழாய் வாயில் நூற்றுக்கு 15 பங்கு திறந்த சந்து. வாயுவில் ஒரு பகுதி அதன் வழியே தப்பிப் போகும். தூக்கும் மருந்தின் அளவு அந்த இழப்பையும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கும். இப்போது அதே குழாயில் இரண்டரை அங்குலப் பெட்டியிலிருந்து எடுத்த, 64 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு ஷெல்லை இறக்கினால் சந்து நூற்றுக்கு 29 பங்குக்கு மேல் போய்விடும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஷெல்லும் சிறியது, அதன் அடியில் இருக்கும் மருந்தும் குறைவு. அது ‘தொப்’ என்று எழும்பி அருகிலேயே விழும். விழுந்த இடத்தில் வெடிக்கும்.

அப்படியானால் சந்தே இல்லாமல் இறுக்கமாகச் செய்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். கூடாது. ஷெல்லைக் கொளுத்தும் நீளத்திரி மேலேயிருந்து அடியிலுள்ள மருந்துக்குப் போக அந்தச் சந்துதான் பாதை. அதைவிட முக்கியமான காரணம் ஷெல்லின் உடம்பு. அது ஈயமோ செம்போ இல்லை, காகிதம். சந்து அடைந்தால் குழாய்க்குள் அழுத்தம் சட்டென ஏறும். அந்த அழுத்தத்தில் காகித ஓடு நசுங்கி, நெருப்பு உள்ளே புகுந்தால் ஷெல் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். மேலே விரிய வேண்டியதெல்லாம் தரை மட்டத்தில், குழாயோடு சேர்ந்து விரியும். இறுக்கமான ஷெல் அடிவரை இறங்காமல் பாதியில் சிக்கி நிற்பதும் உண்டு. அப்படி நின்றால் ஓட வேண்டிய குழாயின் நீளம் பாதியாகி, வேகமும் குறைந்துபோகும். அதனால்தான் அமெரிக்காவில் வானவேடிக்கை நடத்துவோர் பின்பற்றும் விதி இரண்டு பக்கமும் எல்லை கட்டுகிறது: சந்து 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, மூன்று அங்குலம் வரையிலான குழாய்க்கு 6 மில்லிமீட்டருக்கு மேலும் போகக்கூடாது. பெரிய குழாய்க்கு மேல் எல்லை இதைப் போல இரண்டு மடங்கு. கூட்டம் நிற்க வேண்டிய தூரத்தையும் விட்டத்தை வைத்தே சொல்கிறார்கள், அங்குலத்துக்கு 70 அடி. மூன்று அங்குலம் என்றால் 64 மீட்டர். நம் தெருக்களின் அகலத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

காகிதம் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. பசை தடவிக் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி வெயிலில் உலர்த்தித்தான் ஓடு செய்யப்படுகிறது. ஓர் அடுக்கு கூடினாலும் விட்டம் மாறும். முழுதாக உலராவிட்டாலும் மாறும். மழை குறைந்த சிவகாசிச் சீமை இந்தத் தொழிலுக்கு ஏற்ற இடமானதற்கு உலர்ந்த காற்றும் ஒரு காரணம். ஆனால் தீபாவளி வருவது ஐப்பசி அடைமழையில். சிவகாசியில் சரியாக இருந்த ஷெல், சென்னையிலோ கொச்சியிலோ ஈரச்சுவர் ஓரம் அடுக்கிய பெட்டியில் ஒரு வாரம் கிடந்தால் காகிதம் ஈரம் குடித்து உப்பும். குழாயும் காகிதம் என்றால் அதன் உள்சுவரும் உப்பும். இரண்டு உப்பலும் சேர்ந்து சந்தைத் தின்றுவிடும். கொளுத்துகிறவர் கண்ணுக்கு இது தெரியாது, ஷெல்லை இறக்கும்போது கைக்குத்தான் தெரியும்.

இந்தச் சந்துப் பிரச்சினை சிவகாசிப் பட்டாசைவிட மிகப் பழையது. 1799-இலும் 1801-இலும் பாஞ்சாலங்குறிச்சியை நோக்கி வந்த கும்பினிப் படையின் காலாட்கள் தோளில் இருந்தது ‘பிரவுன் பெஸ்’ வகைத் துப்பாக்கி. அதன் குழல் உள்விட்டம் 0.75 அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். போட்ட ஈயக்குண்டோ பதினேழரை. ஒன்றரை மில்லிமீட்டர் தளர்வைத் தெரிந்தே விட்டிருந்தார்கள். காரணம், கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் கரியும் உப்புமாகக் குழலில் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பதினைந்து முறை சுட்டதும் குழல் குறுகிவிடும். இறுக்கமான குண்டை வாய் வழியே போட்டு அடிவரை இடித்து இறக்குவது போர்க்களத்தில் நடக்காத காரியம். ஆகவே வேகமாக ஏற்றுவதற்காகக் குறியைப் பலி கொடுத்தார்கள். தளர்ந்த குண்டு குழலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதிக்கொண்டே போய், கடைசியில் எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்ற திசையில் வெளியேறும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறி வைப்பது வீண். வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுட்டார்கள் என்று சரித்திரப் புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தப் போர்முறைக்கு ஒரு பெரிய காரணம் இந்த ஒன்றரை மில்லிமீட்டர்.

குழலுக்குள் சுழல்வரி வெட்டினால் குண்டு சுழன்றபடி நேராகப் போகும் என்பது அதற்கு முன்பே தெரிந்த சங்கதி. ஆனால் வரியில் பிடிக்க வேண்டுமென்றால் குண்டு குழலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஏற்ற முடியாது. இந்த முடிச்சை அவிழ்த்தது 1840-களில் பிரான்சில் மினியே என்ற அதிகாரி செய்த குண்டு. தளர்வாக இறங்கும், ஆனால் அடிப்பக்கம் குடைந்திருக்கும். மருந்து வெடித்ததும் வாயு அந்தக் குடைவை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அந்த வழியில் வந்ததுதான் 1853 மாதிரி என்ஃபீல்டு. குழல் 0.577 அங்குலம், குண்டு முதலில் 0.568. கரி படிந்த குழலில் அதுவும் இறங்க மறுத்ததால் பிறகு 0.55 ஆகக் குறைத்தார்கள். அந்தக் குண்டைச் சுற்றியிருந்த காகிதத்தில் கொழுப்பு தடவியதும் இந்த இறுக்கத்துக்காகத்தான், காகிதம் வழுக்கிக்கொண்டு இறங்கவும் கரி இறுகாமல் இருக்கவும். அந்தக் கொழுப்பு மாட்டினுடையதா பன்றியினுடையதா என்ற கேள்வி 1857-இல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எல்லோரும் அறிந்தது.

புகையில்லா மருந்து வந்தபின் கதை மாறியது. நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1904 முதல் அந்த மருந்தைச் செய்துவருகிறது. எரிந்தால் மிகக் குறைந்த கழிவு, கரிமருந்தைவிடப் பல மடங்கு அழுத்தம். தோட்டாவைப் பின்பக்கமாகப் போடும் வசதியும் வந்துவிட்டதால் குண்டு வாய் வழியே இறங்க வேண்டிய தேவையே இல்லை. இப்போது தலைகீழான விதியை எழுதலாம், எழுதினார்கள்: குண்டு குழலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இதைப் பலர் நம்புவதில்லை, ஆனால் உண்மை. ரைஃபிள் குழலுக்குள் வெட்டிய பள்ளங்களுக்கு நடுவே மேடுகள் நிற்கும். எதிரெதிர் மேட்டுக்கு இடையே அளந்தால் ஒரு விட்டம், எதிரெதிர்ப் பள்ளத்துக்கு இடையே அளந்தால் அதைவிடப் பெரிய இன்னொரு விட்டம். குண்டின் விட்டம் பள்ளத்தின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் மேட்டைவிட அது பெரிது. செம்புக் கலவைப் போர்வை போர்த்திய குண்டு மேடுகளில் நெரிந்து, வரிகள் அதன் உடம்பில் பதிந்து, சுழன்றபடி வெளியேறும். 7.62 நேட்டோ தோட்டாவின் குண்டு விநாடிக்குச் சுமார் 840 மீட்டர் வேகம். வரி 305 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 2,700 சுற்றுக்கு மேல். அதன் பின்னால் தள்ளும் அழுத்தம் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு. இந்த இடத்தில் சந்துக்கு அனுமதியே கிடையாது.

பெயர்கள் நம்மை ஏமாற்றும் இடமும் இதுதான். ‘த்ரீ நாட் த்ரீ’ என்று போலீஸ் கதைகளில் வரும் துப்பாக்கியின் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர், மேட்டு விட்டம். அதற்குள் போகும் குண்டு 7.9. ‘7.62 நேட்டோ’ என்பதும் மேட்டு விட்டமே, குண்டு 7.82. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை செய்யும் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ எடுத்துக்கொள்ளும் தோட்டாவின் பெயரிலும் 7.62 இருக்கிறது, ஆனால் அது 39 மில்லிமீட்டர் கூடு கொண்ட ரஷ்ய வகை, குண்டு 7.9-ஐ ஒட்டியது. ஒரே எண்ணைப் பெயரில் சுமக்கும் இரண்டு தோட்டாக்களின் குண்டுகளுக்கு நடுவே பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வித்தியாசம். சிவகாசியில் அச்சாகும் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவினால் அதன் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்தத் தாள் கனத்துக்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பின் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, பழைய 303-இன் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ற ஒரு ரைஃபிளைச் செய்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழக்கமில்லாத கண் குழம்பும். குழலின் உள்விட்டம் வேறு, தோட்டா உட்காரும் அறையும் வேறு. தோட்டாக் கூடுகளின் நீளமும் விளிம்பும் வேறாக இருப்பதால் தற்செயலாக மாறுவது கடினம் என்பது நல்ல காலம். ஜெர்மனியில் அந்தப் பாதுகாப்புகூட இல்லாமல் போனது. 1888 மாதிரித் துப்பாக்கிக்கு 8.07 மில்லிமீட்டர் குண்டு. 1905-இல் புதிய குண்டை 8.2 ஆக்கினார்கள், கூடு ஏறக்குறைய அதேதான். புதிய தோட்டா பழைய துப்பாக்கிக்குள்ளும் போய் உட்காரும். எது எதற்கு என்று காட்ட, மாற்றிய துப்பாக்கிகளில் ஓர் எழுத்தைப் பொறிக்க வேண்டியிருந்தது.

பெரிய குண்டு சிறிய குழலில் போனால் நெரிய வேண்டிய அளவைவிட அதிகமாக நெரியும், அழுத்தம் எகிறும். அதற்கும் முன்னால் இன்னொரு இடத்தில் ஆபத்து தொடங்குகிறது. குண்டைப் பிடித்திருக்கும் கூட்டின் கழுத்து, சுடும்போது சற்று விரிந்து குண்டை விட வேண்டும். குண்டு பருத்தால் கழுத்தும் பருக்கும். துப்பாக்கி அறையில் அது விரிய இடமே இருக்காது, குண்டு விடுபடத் தாமதமாகும். மருந்தோ காத்திருக்காது. சிறிய குண்டு பெரிய குழலில் போனால் அழிவு குறைவு, ஆனால் வாயு பக்கவாட்டில் கசிந்து குழலை அரிக்கும். வரி பிடிக்காத குண்டு சுழலாமல் புரண்டு போய், இலக்கு அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள்வட்ட ஓட்டை போடும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்ட கூட்டை எடுத்துப் புது மருந்தும் புதுக் குண்டும் போட்டுத் தாங்களே தோட்டா நிரப்பும் பழக்கம் பெரிய அளவில் உண்டு. அவர்கள் துப்பாக்கியின் பெயரை நம்புவதில்லை, குழலை அளக்கிறார்கள். மென்மையான சுத்த ஈயத்துண்டு ஒன்றை எண்ணெய் பூசிய காலிக் குழல் வழியே தள்ளி எடுத்தால் உள்ளே இருப்பதன் அச்சு கிடைக்கும். ஈயத்தில் புடைத்து நிற்பது குழலின் பள்ளம், அதை மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ளத்தின் விட்டம். 303-இல் இதிலும் ஒரு சிரமம். அதற்கு ஐந்து வரி. ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடு நிற்கும், சாதாரண மைக்ரோமீட்டர் வைத்தால் பொய்யான எண் வரும். மூன்று புள்ளி தொடும் தனி மைக்ரோமீட்டர் வேண்டும். சிவகாசியின் அச்சு இயந்திரங்களுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் இந்தக் கைவேலை நம்மூரில் பொழுதுபோக்காக வளரவில்லை, வளராததில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் இதே பொருத்தத்தைச் சட்டத்துக்கு உட்பட்டு, வெடிமருந்தே இல்லாமல் பார்க்கலாம். ஒலிம்பிக்கில் வரும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் ஈயக்குண்டு பெயரளவில் 4.5 மில்லிமீட்டர். கடையில் கேட்டால் 4.49, 4.50, 4.51, 4.52 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் தனித்தனி டப்பாவாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொன்று ஒத்துப்போகும். வீரர்கள் துப்பாக்கியைப் பிடிமானத்தில் இறுக்கி, டப்பா டப்பாவாகச் சுட்டுப் பார்த்து, ஓட்டைகள் எதில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றனவோ அந்த அளவைத் தேர்வு செய்கிறார்கள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் அந்தப் புள்ளியை உலகப் போட்டிகளில் அடித்துப் பதக்கம் வாங்குவதற்குப் பின்னால் மூச்சும் கையும் மட்டுமில்லாமல் இந்த நூறில் ஒரு மில்லிமீட்டர் தேர்வும் இருக்கிறது. அந்தக் குண்டின் பின்புறம் பாவாடை போல் குடைந்திருக்கும். மினியேயின் பழைய உபாயம் அப்படியே அதில் உயிரோடு இருக்கிறது.

எதிர்முனையில் நிற்பது நாட்டுத் துப்பாக்கி. காட்டுப்பன்றியை விரட்டவென்று மலையடிவாரக் கிராமங்களில் இன்னும் கள்ளத்தனமாகக் கிடைப்பது. கிடைத்த இரும்புக் குழாய், கிடைத்த மருந்து, குண்டுக்குப் பதில் பால்ரஸ். ஈயம் நெரியும், பால்ரஸ் நெரியாது. அது எஃகு, குழாயைவிடக் கெட்டி. சிக்கினால் குழாய்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அது விட்டுக்கொடுக்கும் இடம் சுடுகிறவரின் முகத்துக்கும் இடது கைக்கும் பக்கத்தில். பன்றிக்கு வைத்த துப்பாக்கி மனிதர்களை முடமாக்கிய செய்தி வரும்போதெல்லாம், யாராவது ஒருவர் இதை அவர்களுக்கு முன்பே விளக்கியிருக்கலாமே என்று தோன்றும்.

இனி, ஃபேன்சி ரகம் வாங்கும் வீட்டுக்காரருக்கு. பல ஷாட் பெட்டிகளில் ஷெல்லும் குழாயும் ஆலையிலேயே பொருத்தி அடைக்கப்பட்டிருக்கும். அதில் நாம் அளவு பார்க்க எதுவும் இல்லை, பெட்டியைப் பிரிக்காமல் இருந்தால் போதும். தனி ஷெல்லும் தனிக் குழாயும் சேர்த்து விற்கும் ரகத்தில்தான் தவறு நுழைகிறது. ஒரு பெட்டியின் ஷெல் அந்தப் பெட்டியின் குழாய்க்கு மட்டுமே. போன வருஷக் குழாய் பத்திரமாக இருக்கிறதே என்று இந்த வருஷ ஷெல்லை அதில் போடக்கூடாது, வேறு கம்பெனியுடையதைப் போடவே கூடாது.

ஷெல்லைக் குழாய்க்குள் விட்டால் அது தன் எடையாலேயே அடிவரை இறங்க வேண்டும். வழியில் நின்றால் குச்சியால் தள்ளாதீர்கள், தட்டாதீர்கள். மேல் காகிதத்தைக் கொஞ்சம் உரித்துவிட்டால் போகும் என்று உரிக்காதீர்கள். அந்த ஷெல் அந்தக் குழாய்க்கு ஆகாது, தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மாறாக, ஷெல் உள்ளே லொடலொடவென்று ஆடினால் காகிதமோ துணியோ சுற்றி இறுக்குகிறவர்கள் உண்டு. தளர்வைவிட அது மோசம், ஏனென்றால் சுற்றிய துணி ஒரு பக்கம் மடிந்து அடைப்பாக மாறும், எரிந்துகொண்டே மேலே போய்க் கூரையில் விழவும் செய்யும். எரிந்தபடி விழும் ஒரு துண்டு எதைச் செய்யும் என்பதைக் கொல்லம் அருகே புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் பார்த்தோம். வெடிகளை அடுக்கிய கட்டடத்தில் தீப்பொறி விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே விட்டம் தவறியது என்று நான் சொல்லவில்லை. தாழ விழும் நெருப்பின் விலையைச் சொல்கிறேன்.

குழாய் தொலைந்துவிட்டால் பிளம்பர் கடைக்குப் போகாதீர்கள். வெள்ளை பி.வி.சி. குழாய் வெடித்தால் கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கும். எக்ஸ்ரேயில்கூட அந்தச் சில்லு சரியாகத் தெரியாது. இரும்புக் குழாய் பிளந்தால் அதன் துண்டுகள் குண்டுகளாகவே பறக்கும். ஆலைகள் காகிதக் குழாயையும், அயல்நாட்டு வாணக்காரர்கள் கெட்டிப் பாலித்தீன் குழாயையும் தேர்ந்தெடுப்பதன் காரணம், உள்ளே தவறு நடந்தால் அவை கிழியும், சிதறாது என்பதுதான். ஒரு ஷெல் போனதும் அடுத்ததை உடனே போட வேண்டாம், அடியில் தணல் இருக்கலாம். கரி படிந்து சந்து குறைந்திருக்கிறதா என்று வாய்ப்பக்கம் குனிந்து பார்க்கவும் வேண்டாம். தலை எப்போதும் குழாய்க்கு நேர்மேலே வரக்கூடாது. பற்றாத ஷெல்லை அரைமணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பக்கவாட்டிலிருந்து குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். ஊறிய ஷெல்லை உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம் என்று பிள்ளைகள் எடுத்து ஒளித்து வைப்பார்கள். அது உப்பிய ஷெல். எந்தக் குழாய்க்கும் இனி அது சேராது.